சபையில் தோற்றும் சோர்வடையாத தலைவர்: காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் (ரஹ்)

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே.

நம் பள்ளிவாசல் தஃப்தரில் ஒரு நிக்காஹ் பதிவாகின்றது. ஒரு வீட்டில் பெரியவர் மறைந்தபின், ஆலிம்களை அழைத்து அவர் விட்டுச்சென்ற சொத்தைப் பாகம் பிரிக்கின்றோம். இவையெல்லாம் காற்றும் தண்ணீரும் போல் இயல்பாகக் கிடைத்தவை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கின்றோம். ஆனால் இந்நாட்டின் அரசியல் சாசனம் எழுதப்பட்ட நாட்களில் இவை ஒவ்வொன்றும் கடுமையான விவாதத்திற்கு உள்ளாயின. அவ்விவாதத்தில் சிறுபான்மையினர் தரப்பில் எழுந்து நின்று வாதாடியவர்களுள் முதன்மையானவர் நம் தமிழ் மண்ணில் பிறந்தவர். அவர்தாம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்கள்.

அவர்களைப் பற்றி மேடைகளில் நிறையவே கேட்டிருக்கின்றோம். எளிமை, நேர்மை, தமிழ்ப்பற்று ஆகியவை போற்றப்படுகின்றன. ஆனால் அரசியல் நிர்ணய சபையில் அவர்கள் என்ன கேட்டார்கள், அதற்கு என்ன விடை கிடைத்தது, பின்னர் நீதிமன்றங்கள் அவ்வுரிமைகளை எவ்வாறு விளக்கின என்பது நம் இளைஞர்களுக்கு அதிகம் தெரிவதில்லை. எனவே இவ்வாண்டு மலரில் அப்பகுதியைச் சற்று விரிவாக நினைவுகூர விழைகின்றோம்.

இளமையும் பொதுவாழ்வும்

1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் இஸ்மாயில் சாகிப் பிறந்தார்கள். மார்க்கக் கல்வி நிறைந்த குடும்பம். நெல்லையிலும் திருச்சியிலும் சென்னையிலும் கல்வி பயின்றார்கள். 1909இல், பதின்மூன்று வயதிலேயே, சொந்த ஊரில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1920ஆம் ஆண்டளவில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்திற்கு அழைப்பு விடுத்தபோது பட்டப்படிப்பைத் துறந்து வெளியேறினார்கள். பின்னர் தோல் வணிகத்தில் ஈடுபட்டுச் சென்னை வணிக உலகில் மதிப்பு மிக்கவராக உயர்ந்தார்கள். ஆகவே அரசியல் அவர்களுக்குப் பிழைப்பாக இருக்கவில்லை.

1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முஸ்லிம் லீக் 28 இடங்களைப் பெற்றது. இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார்கள். அடுத்த ஆண்டே நாடு பிரிந்தது. எல்லைக்கு இப்பால் தங்கிய முஸ்லிம்களின் நிலை சொல்லொணாத் துயரமாயிற்று. வடபுலத்தில் இரத்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது. செல்வாக்குடைய தலைவர்கள் பலர் புதிய நாட்டிற்குச் சென்றுவிட்டனர். எஞ்சியவர்களுள் பலர் இனி முஸ்லிம்களுக்கென ஓர் அரசியல் அமைப்பே வேண்டாம் என்றனர்.

அந்த இருண்ட வேளையில், 1948 மார்ச் 10ஆம் நாள், சென்னை இராஜாஜி மண்டபத்தில் லீகின் எஞ்சிய உறுப்பினர்களை இஸ்மாயில் சாகிப் கூட்டினார்கள். அமைப்பைக் கலைக்க வேண்டும் என்ற குரல்களுக்கு நடுவே, சுதந்திர இந்தியாவின் சட்டத்திற்கு உட்பட்டுச் சமுதாயத்தின் குரலை எடுத்துச் சொல்லும் அமைப்பு வேண்டும் என்ற முடிவு எடுக்கப்பட்டது. அவர்களே தலைவராகத் தேர்வு பெற்றார்கள். இந்திய முஸ்லிம்களின் குறைகளுக்குத் தீர்வு இந்தியாவின் சபைகளிலும் நீதிமன்றங்களிலும்தான் தேடப்பட வேண்டும் என்பதே அவர்கள் தேர்ந்த வழி.

1948 நவம்பர் 23

அரசியல் சாசன வரைவின் 35ஆம் பிரிவு, நாட்டின் குடிமக்கள் அனைவர்க்கும் ஒரே சிவில் சட்டத்தை ஏற்படுத்த அரசு முயல வேண்டும் என்று கூறியது. இன்றைய சாசனத்தில் 44ஆம் பிரிவாக இருப்பது இதுவே. இதை நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்றத்தக்க உரிமைகளுள் வைப்பதா, அரசுக்கு வழிகாட்டும் நெறிகளுள் வைப்பதா என்பதிலேயே 1947இல் துணைக்குழுவில் கருத்து வேற்றுமை இருந்தது. மினு மசானி, ஹன்சா மேத்தா, ராஜகுமாரி அம்ரித் கௌர் ஆகியோர் வழிகாட்டு நெறியாக மட்டும் வைப்பது போதாது எனத் தனிக் குறிப்பு எழுதினர். எனினும் அது வழிகாட்டு நெறிகளுள்ளேயே வைக்கப்பட்டது. அந்நெறிகளை நிறைவேற்றுமாறு எந்த நீதிமன்றமும் அரசைக் கட்டாயப்படுத்த இயலாது.

1948 நவம்பர் 23ஆம் நாள் அப்பிரிவு சபைக்கு வந்தபோது இஸ்மாயில் சாகிப் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தப் பிரிவினரும் சமூகத்தினரும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதே அத்திருத்தத்தின் சாரம். அதில் முஸ்லிம் என்ற சொல்லே இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், மலைவாழ் மக்கள் என யாவர்க்கும் பொதுவாகவே அவ்வுரிமையை அவர்கள் கேட்டார்கள். தனியார் சட்டம் மக்களின் சமயத்தோடும் பண்பாட்டோடும் இணைந்த வாழ்வு முறை என்றும், மதச்சார்பற்ற அரசு அதில் தலையிடுவது பொருந்தாது என்றும் வாதிட்டார்கள். முதல் உலகப் போருக்குப்பின் யூகோஸ்லாவியா நாடு, தன் முஸ்லிம் குடிமக்களின் குடும்பச் சட்டத்தைக் காப்பதாக உடன்படிக்கையில் உறுதியளித்ததை முன்னுதாரணமாகக் காட்டினார்கள். ஒற்றுமைக்கு ஒரே சட்டம் தேவையில்லை என்பதும், அவரவர் முறைப்படி வாழ விட்டால் மனக்குறை எழாது என்பதும் அவர்களின் வாதம்.

சென்னை மாகாணத்தைச் சேர்ந்த போக்கர் சாகிப், மஹ்பூப் அலி பெய்க் ஆகியோரும், வங்காளத்தின் நஸீருத்தீன் அஹ்மதும் வேறு திருத்தங்களை முன்மொழிந்தனர். பீகாரின் ஹுஸைன் இமாமும் இப்பிரிவு குறித்த தம் ஐயங்களை எடுத்துரைத்தார்.

மறுதரப்பின் வாதங்களையும் நாம் அறிந்திருப்பது நேர்மையாகும். கே.எம். முன்ஷி, சமயத்தை வாரிசுரிமை போன்ற உலகியல் விவகாரங்களிலிருந்து பிரிக்க வேண்டும் என்றார். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் வரும்வரை கோஜாக்களும் கச்சி மேமன்களும் இந்து வழக்கங்களைப் பின்பற்றியதை எடுத்துக்காட்டினார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அவ்வழியே பேசினார். இறுதியாக டாக்டர் அம்பேத்கர் பதிலளித்தார். குற்றவியல், சொத்து மாற்றம் ஆகியவற்றில் நாடெங்கும் ஏற்கெனவே ஒரே சட்டம் நடைமுறையில் இருப்பதையும், வட மலபாரில் முஸ்லிம்கள் உட்பட அனைவரும் மருமக்கத்தாய முறையைப் பின்பற்றியதையும் சுட்டினார். திருத்தங்களை ஏற்க மறுத்த அவரே ஓர் ஆறுதலையும் அளித்தார். வருங்காலப் பாராளுமன்றம் அத்தகைய சட்டத்தை, தாமே முன்வந்து ஏற்பதாக அறிவிப்போர்க்கு மட்டும் உரியதாகத் தொடங்கக்கூடும் என்பதே அவ்விளக்கம்.

திருத்தங்கள் தோற்கடிக்கப்பட்டன. 35ஆம் பிரிவு வரைவில் இருந்தவாறே நிறைவேறியது.

தோல்விக்குப் பின்னும் தொடர்ந்த வாதம்

சில நாட்களிலேயே, 1948 டிசம்பரில், இஸ்மாயில் சாகிப் மீண்டும் எழுந்தார்கள். பேச்சுரிமை, கூடும் உரிமை முதலிய சுதந்திரங்களைப் பட்டியலிடும் வரைவின் 13ஆம் பிரிவில், அதாவது இன்றைய 19ஆம் பிரிவில், இரண்டு உரிமைகளைச் சேர்க்க வேண்டும் என்றார்கள். ஒன்று, தாம் சார்ந்த சமூகத்தின் தனியார் சட்டத்தைப் பின்பற்றும் உரிமை. மற்றொன்று, ஒருவரின் தனிமனித சுதந்திரம் பறிக்கப்பட்டால் தகுதியுடைய நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் உரிமை.

இரண்டாவது கோரிக்கையை நாம் ஏனோ மறந்துவிட்டோம். அது எந்தச் சமுதாயத்திற்கும் தனியாகக் கேட்கப்பட்டதன்று. காவல்துறை ஒருவரைப் பிடித்துச் சென்று விசாரணையின்றிச் சிறையில் அடைத்தால், அவர் எம்மதத்தவராயினும் எக்கட்சியினராயினும் நீதிபதியின் முன் நிறுத்தப்பட வேண்டும் என்ற பொதுக் கோரிக்கை அது. அதுவும் ஏற்கப்படவில்லை.

சாசனம் நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே அக்கோரிக்கையின் பொருள் தெளிவாயிற்று. தடுப்புக்காவல் சட்டத்தின்கீழ் சென்னை மாநிலத்தில் சிறையிலிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். பாராளுமன்றம் இயற்றிய நடைமுறை பின்பற்றப்பட்டால் போதும், அந்நடைமுறை நியாயமானதா என நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்னும் வகையில் பெரும்பான்மைத் தீர்ப்பு அமைந்தது. அந்நடைமுறை நியாயமாகவும் இருத்தல் வேண்டும் என்று அதே நீதிமன்றம் மேனகா காந்தி வழக்கில் கூறியபோது ஆண்டு 1978. அப்போது இஸ்மாயில் சாகிப் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1949 மே மாதம் மதச் சிறுபான்மையினருக்கான இடஒதுக்கீட்டை நீக்கும் பரிந்துரை சபைக்கு வந்தது. ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதி முறையும் தொடர வேண்டும் என அவர்கள் வாதாடினார்கள். சர்தார் படேல் அதைக் கடுமையாக எதிர்த்தார். பேகம் ஐஸாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களும் தனித்தொகுதி பிரிவினையை வளர்க்கும் எனக் கருதி நீக்கத்தையே ஆதரித்தனர். அவர்களின் எண்ணத்தையும் குறைத்து மதிப்பிடுதல் தகாது. இவ்வாக்கெடுப்பிலும் இஸ்மாயில் சாகிப் தோற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடந்தபோது, தொன்மையே அளவுகோல் எனில் இம்மண்ணில் பேசப்படும் மொழிகளுள் தமிழும் அதன் இனமொழிகளுமே முந்தியவை என எடுத்துரைத்தார்கள்.

வாக்கெடுப்புகளில் தோற்றபின் அவர்கள் சபையைப் புறக்கணிக்கவில்லை, சாசனத்தைத் தூற்றவுமில்லை. நிறைவேறிய சாசனத்தைத் தம் சாசனமாகவே ஏற்று, அதன்கீழ் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார்கள். தனித்தொகுதி கேட்டு மறுக்கப்பட்ட அவர்கள் பொதுத்தொகுதியிலேயே நின்று, கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் மக்களவைக்குத் தேர்வு பெற்றார்கள். அது முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் தொகுதிதான். ஆயினும், தம் சொந்த மாவட்டமும் சொந்த மொழியும் அல்லாத ஒரு பகுதி மக்கள் மூன்று முறை நம்பிக்கை வைத்தது சிறிய செய்தியன்று.

நீதிமன்றங்கள் சொன்னவை

சபை மறுத்ததை வேறு சில வழிகளில் நீதிமன்றங்கள் ஓரளவு காத்தன. 1951இல் நரசு அப்பா மாலி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், தனியார் சட்டங்களை அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டவை எனக் கூறிச் செல்லாதவை ஆக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கு ஓர் இந்துவின் இருதார மணம் பற்றியது என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். 1954இல் உடுப்பி சிரூர் மடத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சமயத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை முதன்மையாக அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது. அது சென்னை அரசின் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கு. ஓர் இந்து மடாதிபதி பெற்ற தீர்ப்பு, பள்ளிவாசலுக்கும் தேவாலயத்திற்கும் சேர்த்தே அரணாயிற்று.

அதே அளவுகோல் எதிராகவும் திரும்பியது. 1958இல் ஹனீஃப் குரேஷி வழக்கில், பசுவைக் குர்பானி கொடுப்பது முஸ்லிம்களுக்குக் கட்டாயக் கடமை என்பது நிறுவப்படவில்லை என உச்ச நீதிமன்றம் முடிவு கண்டது. எது மார்க்கத்தின் இன்றியமையாத பகுதி என்பதை ஆலிம்கள் அன்றி நீதிபதிகளே தீர்மானிக்கும் நிலை இவ்வாறு வந்தது.

இன்னொரு செய்தியும் சிந்தனைக்குரியது. 1962இல் சாசனத்தின் 13ஆம் திருத்தம் நாகாலாந்திற்கென 371அ பிரிவைக் கொண்டுவந்தது. நாகர்களின் சமய, சமூக நடைமுறைகளையும் வழக்காற்றுச் சட்டத்தையும் பற்றிப் பாராளுமன்றம் இயற்றும் எச்சட்டமும், அம்மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்தாலன்றி அங்குச் செல்லாது என்பதே அதன் பொருள். 1948இல் யாவர்க்கும் பொதுவாகக் கேட்டு மறுக்கப்பட்ட பாதுகாப்பு, 14 ஆண்டுகளுக்குப்பின் ஒரு பகுதி மக்களுக்கு ஏறத்தாழ அதே வடிவில் கிடைத்தது. 1986இல் மிசோரத்திற்கும் அவ்வாறே வழங்கப்பட்டது. அன்று இஸ்மாயில் சாகிப் கேட்டது நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு செய்யும் கோரிக்கை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மறைவும் அதன் பின்னும்

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அவர்கள் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நல்லடக்கம் நடைபெற்றது. அவ்வாண்டின் இறுதியில் தத்தெடுத்தல் மசோதா பற்றிய கவலையால் பல பிரிவு முஸ்லிம்களும் பம்பாயில் கூடினர். 1973இல் அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் அமைந்தது.

அதன்பின் நடந்தவை நம் காலத்தவை. 1985இல் ஷா பானு தீர்ப்பு வந்தது. 1986இல் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களுக்கான சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் செல்லும் எனக் கூறிய உச்ச நீதிமன்றம், இத்தா காலத்திற்குள்ளேயே அப்பெண்ணின் எதிர்காலத்திற்கும் போதிய ஏற்பாட்டைக் கணவர் செய்துவிட வேண்டும் என 2001இல் விளக்கியது. 2017இல் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என மூவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. 2018இல் மத்திய சட்ட ஆணையம், பொது சிவில் சட்டம் இக்கட்டத்தில் தேவையும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை எனக் கருத்துரைத்தது. எனினும் 2024இல் உத்தராகண்ட் மாநிலம் அத்தகைய சட்டத்தை நிறைவேற்றி 2025 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. அதிலும் பட்டியல் பழங்குடியினர்க்கு விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. 2025இல் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை மட்டும் இடைக்காலமாக நிறுத்திவைத்தது.

1948இல் தொடங்கிய விவாதம் இன்னும் முடிவுறவில்லை என்பது இதனால் விளங்கும்.

நமக்கு உரியது

ஜமாஅத் பெருமக்களே, காயிதே மில்லத் அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு செய்திகளை இவ்வேளையில் நாம் மனத்திற்கொள்ள வேண்டும் எனக் கருதுகின்றோம்.

முதலாவது, தோல்வியைத் தாங்கும் பண்பு. அவர்கள் தோற்ற வாக்கெடுப்புகள் பல. ஆயினும் அவர்களின் வாதங்கள் சபைக் குறிப்புகளில் பதிந்துவிட்டன. வழக்கறிஞர்களும் அறிஞர்களும் இன்றும் அவற்றை எடுத்துப் படிக்கின்றனர். கண்ணியமாகவும் சான்றுகளோடும் யாவர்க்கும் பொதுவான முறையிலும் எடுத்து வைக்கப்படும் வாதம் வீண்போவதில்லை. கூச்சலும் வன்சொல்லும் அன்றே மறைந்துவிடுகின்றன.

இரண்டாவது, சற்றுக் கசப்பானது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் எதற்காக வந்தது? நாட்டின் பல பகுதிகளில் ஊர் வழக்கம் என்ற பெயரால் பெண்களுக்கு அல்லாஹ் விதித்த பங்கு மறுக்கப்பட்டு வந்தது. அவ்வழக்கத்தை நீக்கி ஷரீஅத்தை நிலைநாட்டவே அச்சட்டம் இயற்றப்பட்டது. அதில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. 1949இல் சென்னை மாகாணம் திருத்தம் செய்து விவசாய நிலத்தையும் அதனுள் கொண்டுவந்தது. ஆகவே நம் பெண்களுக்குக் கழனியிலும் பங்குண்டு, கடையிலும் பங்குண்டு. காயிதே மில்லத் அவர்கள் சபையில் காக்க முனைந்த தனியார் சட்டம் இதுவே.

அவ்வாறிருக்க, சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று கூறிச் சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா? மஹரைப் பெயரளவில் எழுதிவிட்டு, அதைவிடப் பன்மடங்கு வரதட்சணை பெறும் திருமணங்கள் இல்லையா? கோபத்தில் தலாக் சொல்லிவிட்டுப் பின்னர் ஜமாஅத்தை நாடி வருவோர் இல்லையா? ஷரீஅத்தைக் காக்க வேண்டும் என மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் அதை நாமே மீறினால், நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் எந்த முகத்தோடு நிற்போம்? 1985 முதல் 2017 வரை நீதிமன்றம் சென்ற அப்பெண்கள் தங்கள் குடும்பங்களிலும் ஊர்களிலும் நீதி கிடைக்காமையாலேயே சென்றனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எனவே நம் ஜமாஅத்தின் ஒவ்வொரு குடும்பமும் பாகப்பிரிவினையைக் காலம் தாழ்த்தாமல், பெண் மக்களின் பங்கு குறையாமல் முடித்துக்கொள்ள வேண்டும் என வேண்டுகின்றோம். சந்தேகம் உள்ளோர் ஆலிம்களையும் வழக்கறிஞரையும் ஒருசேர அணுகலாம். நிக்காஹ் பதிவில் மஹர் உண்மைத் தொகையாகவும், இயன்றவரை அன்றே கொடுக்கப்பட்டதாகவும் இருக்கட்டும். தஃப்தரில் அது தெளிவாக எழுதப்பட்டு இரு தரப்பிற்கும் படி வழங்கப்படட்டும். சபையில் தனியாக நின்று போராடிய அப்பெரியாருக்கு நாம் செய்யக்கூடிய நன்றிக்கடன் இதுவே.

வல்ல அல்லாஹ் காயிதே மில்லத் அவர்களின் பணிகளை ஏற்று, அவர்களின் கபரை ஒளியுள்ளதாக ஆக்குவானாக. நமக்கு உரிமையைக் கேட்கும் துணிவையும், கடமையை நிறைவேற்றும் நேர்மையையும் ஒருங்கே அருள்வானாக. ஆமீன்.